ஏழாம் நம்பர் மோல்டு

கேள்வித்தாளைக் கொடுத்து முடித்து, இருபத்தைந்து தலைகளும் ஒன்றாகக் குனிந்த பிறகு, சண்முகவடிவு தன் வலது கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து எத்தனை தடவை துடைத்தாயிற்று. விரலில் ஒன்றுமில்லை என்று அவளுக்கே தெரியும். எட்டரை மணிக்குக் கான்கிரீட் லேபில், ஊறப்போட்டிருந்த தொட்டியிலிருந்து எடுத்து ஈரம் சொட்ட வைத்திருந்த மூன்று கான்கிரீட் கியூபுகளில் ஒன்றை வழக்கம்போலச் சும்மா தடவியபோது, பக்கவாட்டில், மூலைக்கு இரண்டு விரற்கடை கீழே, அரிசிமணி அளவுக்கு ஒரு புடைப்பு தட்டியதே, அதுதான் விரலைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. மணி பத்து ஐந்து. பரீட்சை முடிய மதியம் ஒரு மணி ஆகும். அதுவரை ஹால் சூப்பரிண்டெண்ட் என்ற பெரிய பெயரோடு இந்த அறையில் அவளும் ஒரு கைதி. போன் எக்ஸாம் செல்லில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அவள் பெயர் எழுதிய சீட்டோடு கிடக்கிறது. உட்காரக்கூடாது, படிக்கக்கூடாது, வாசலில் நின்று அடுத்த அறை ஆளோடு பேசக்கூடாது. நினைக்கக்கூடாது என்று மட்டும் சுற்றறிக்கையில் யாரும் போடவில்லை. இரண்டு மணிக்கு அந்த மூன்று கியூபுகளையும் மெஷினில் வைத்து உடைத்து, எத்தனை பாரம் தாங்கியது என்று எழுதி, கீழே பேராசிரியர் முனைவர் அ. சண்முகவடிவு என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் திங்கட்கிழமை வேலாங்குறிச்சி ஊரின் தலைக்கு மேலே புதுத் தொட்டியில் மூன்று லட்சம் லிட்டர் தண்ணீர் ஏறும். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் ஹாஜர் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேசை மேசையாக நடக்கும்போது அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் ஹால் டிக்கெட்டைத் தலைகீழாக நீட்டினான். அவள் அதைத் தலைகீழாகவே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு நகர்ந்தாள். இரண்டு மேசை தள்ளித்தான் உறைத்தது. பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எப்போது வந்தது. திரும்பிப் போய் அந்தப் பையனின் முகத்தையும் ஹால் டிக்கெட் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரே முகம்தான், தாடி மட்டும் புதுசு. அவன் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டான். உட்காரு என்று தோளைத் தட்டினாள்.

வெளியே ஐப்பசி விட்ட மிச்சத்தைக் கார்த்திகை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்துப் பையன்கள் விடைத்தாளை உள்பக்கமாக நகர்த்திக்கொண்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருஷம். கேள்வித்தாளில் இருப்பதில் பாதி அவளுக்குப் புரியாது, அதனால்தான் அவளை இங்கே போட்டிருக்கிறார்கள். சிவிலுக்குச் சிவில் ஆளைப் போட மாட்டார்கள், சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம். இந்த ஊர் நம்பிக்கை அவ்வளவுதான். ஆனால் கியூபுக்கு மட்டும் எத்தனை நம்பிக்கை. ஒரு தூண் நிற்குமா நிற்காதா என்று தூணை உடைத்துப் பார்க்க முடியாது. அதனால் தூணுக்குக் கொட்டும் அதே கலவையில் ஆறு கை அள்ளி, மோல்டு என்னும் ஆறு இரும்புப் பெட்டியில் இட்டு, ஆறு கட்டி வார்த்து, கல்லூரிக்குக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டு, ஏழாம் நாள் மூன்றும் இருபத்தெட்டாம் நாள் மூன்றும் உடைத்துப் பார்ப்பது. கட்டி தாங்கினால் தூணும் தாங்கும். கட்டியும் தூணும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்ற நம்பிக்கையில்தான் நாட்டில் பாலமும் தொட்டியும் நிற்கின்றன. கட்டியை வார்க்கும்போது கல்லூரியிலிருந்து ஒருவர் கூடவே நின்று பார்க்க வேண்டும் என்பது அந்த நம்பிக்கைக்குப் போட்ட ஒரு சின்னப் பூட்டு. பெட்டிகள் கான்ட்ராக்டருடையவை. லேபின் பன்னிரண்டு மோல்டுகளும் லேபைவிட்டு வெளியே போவதில்லை. பழைய ஹெச்.ஓ.டி. ஞானதுரை சார் காலத்திலிருந்து அப்படித்தான், கேட்டு வந்தவர்களை அவர் வாசலோடு திருப்பி அனுப்புவார். அப்படியிருக்க வேலாங்குறிச்சித் தொட்டியின் தூணிலிருந்து வந்ததாகச் சொல்லும் கட்டியில், இந்த லேபின் ஏழாம் நம்பர் மோல்டின் மச்சம் எப்படி வந்து உட்கார்ந்தது. வேறு மோல்டிலும் அப்படி ஒரு பள்ளம் இருக்கலாமே என்று ஒன்பது மணிக்குத் தன்னையே ஒரு தடவை ஏமாற்றிப் பார்த்தாள். முடியவில்லை. அந்தப் பள்ளம் விழுந்தபோது அவள் பக்கத்தில் நின்றாள்.

இருபத்தேழு வருஷம். அவளும் இப்போது ஹெச்.ஓ.டி.யாக இருக்கும் பியூலாவும் ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று, அடுத்தடுத்த எண்ணில் வேலை உத்தரவு வாங்கியவர்கள். சேர்ந்து இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, மாணவர்களுக்குச் செய்து காட்ட இருவருமாகக் கியூப் வார்த்தார்கள். மறுநாள் மோல்டைக் கழற்றினால் ஏழாம் நம்பர் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்றது. உள்ளே எண்ணெய் தடவ மறந்துவிட்டார்கள். இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவ மறக்காத இரண்டு பேர், மோல்டுக்கு மறந்துவிட்டார்கள். ஞானதுரை சார் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பியூலா உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். கட்டி வந்தது, கூடவே மோல்டின் உள்முகத்தில் அரிசிமணி அளவுக்கு இரும்பும் பெயர்ந்து வந்தது. சார் உள்ளே வந்து, யார் செய்தது என்று ஒரே கேள்விதான் கேட்டார். பியூலாவின் அப்பா இறந்து ஒரு மாதம், தம்பி படிப்பு அவள் தலையில், வேலையோ தற்காலிகம். நான்தான் சார் என்று வடிவு சொன்னாள். ஏன் சொன்னாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது, வாய் சொல்லிவிட்டது. ஆறு மாதம் அவளுக்கு லேப் கிடையாது என்று சார் உத்தரவு போட்டார். அன்று மத்தியானம் மரத்தடியில் தன் டிபன் டப்பாவைத் திறந்து முழு மீன் துண்டையும் அவள் தட்டில் வைத்துவிட்டு, நீ சைவப்பிள்ளைன்னு மறந்துட்டேன்ட்டி என்று பியூலா அழுதுகொண்டே சிரித்தாள். சிநேகிதம் அங்கேதான் தொடங்கியது. அதற்கப்புறம் எத்தனையோ. வடிவின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பன்னிரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் கூட உட்கார்ந்திருந்தவள் பியூலா. கடைசி நாளில் அவர் வாயில் கரண்டித் தண்ணீர் விட்டது அவள் கைதான், வடிவு மருந்து வாங்க மாடி இறங்கியிருந்தாள். அந்தக் கைக்கு இவள் என்ன செய்தாலும் தகும் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மிஸ், கிராஃப் ஷீட் என்று யாரோ கையைத் தூக்கினார்கள். கொடுத்தாள். கொடுத்ததை எண்ணி எழுதினாள். பத்து ஐம்பது. முதலில் இசக்கிமுத்துவைத்தான் சந்தேகப்பட்டாள், அதை நினைக்க இப்போது கூச்சமாக இருந்தது. லேப் டெக்னீஷியன், சாவி அவரிடம், காலையில் கியூபை எடுத்து வைத்தவரும் அவர், ஏழை ஆள் வேறு. ஏழை ஆளைச் சந்தேகப்படுவதற்கு நமக்கெல்லாம் யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கியூபின் தலையில் ஆணியால் கீறிய தேதி அக்டோபர் இருபத்து நான்கு. இன்று நவம்பர் இருபத்தொன்று. இருபத்தெட்டு நாள் சரியாக இருக்கிறது. வடிவு ஜன்னலோரம் நின்று விரல்விட்டு இன்னொரு தடவை எண்ணினாள், எதிரே ஒரு பெண் தன்னைத்தான் எண்ணுகிறார்கள் என்று நினைத்துத் தலை குனிந்துகொண்டது. அக்டோபர் இருபத்து நான்கு இசக்கிமுத்து மகளின் கல்யாணம், அம்பாசமுத்திரத்தில். டிபார்ட்மெண்ட் மொத்தமும் கல்லூரி வேனில் போயிற்று. பியூலா மட்டும் வரவில்லை. எல்லாரும் போயிட்டா எப்படி, ஒரு ஆள் இருக்கணும்லா, சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க என்று இசக்கிமுத்துவிடம் வாங்கி வைத்துக்கொண்டாள். ஹெச்.ஓ.டி. மேடம் தங்கமான மனுஷி என்று அந்த மனிதர் மணமேடை ஓரத்தில் நின்று நாலு பேரிடம் சொன்னார். பதினொரு மணிவாக்கில், நீ இல்லாமல் சாப்பிட மனசு வரவில்லை என்று சொல்ல வடிவு அவள் செல்லுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. டிபார்ட்மெண்ட் லேண்ட்லைனுக்கு அடித்தாள். நாலாவது மணியில் மூச்சிரைக்க எடுத்தாள் பியூலா. என்ன மூச்சு வாங்குது என்று கேட்டதற்கு, மாடியிலிருந்து ஓடி வந்தேன் என்றாள். சரி, அது அப்படியே இருக்கட்டும். இன்று காலையில் புடைப்பைத் தடவிய பிறகு வடிவு அலமாரியைத் திறந்து வேலாங்குறிச்சி ஃபைலை எடுத்தாள். முதல் தாளிலேயே இருக்கிறது. அக்டோபர் இருபத்து நான்கு, காலை பத்தரை முதல் மதியம் ஒரு மணி வரை, பணியிடத்தில் என் முன்னிலையில் வார்க்கப்பட்டது, ப. பியூலா. பதினொரு மணிக்கு லேண்ட்லைனை எடுத்தவள் பத்தரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு தூண் பக்கத்தில் நின்றிருக்கிறாள். ஒருவேளை தேதி மாறிப்போயிருக்கும், ஒருவேளை லேப் மோல்டையே அங்கே எடுத்துப்போயிருப்பாள், அதிலும் தப்பில்லையே. எதில் எடுத்துப்போயிருப்பாள், வேன் அம்பாசமுத்திரத்தில் அல்லவா நின்றது, ஆறு இரும்புப் பெட்டியை ஸ்கூட்டரிலா. கல்யாணத்தன்று சாயந்திரம் தாம்பூலப் பையைக் கொடுக்கக் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றபோது பியூலாவின் வளையலுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. என்ன இது என்று கேட்டாள். சாக்பீஸ்ட்டி என்று கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷம் சிமெண்ட்டோடு குப்பை கொட்டியவளிடம் சாக்பீஸ் என்றாள், அவளும் சாக்பீஸ் என்று நம்பிவிட்டு வந்தாள்.

சுவரில் ஒரு மழைக்கோடு மேலிருந்து கீழே இறங்கியிருந்தது, அது எந்த ஸ்லாபின் எந்தக் கசிவு என்று அவள் கண் தன்பாட்டுக்கு ஆராய்ந்தது. பழக்கம். எல்லாம் பழக்கம்தான். மூன்று மாதம் முன்பு பிரின்சிபால் பதவிக்கு விண்ணப்பம் கேட்டார்கள். சீனியாரிட்டி இருவருக்கும் ஒன்று, ஆராய்ச்சியில் வடிவு ஒரு படி மேலே, கிடைத்தால் அவளுக்குத்தான் என்று பேச்சு. ஒரு நாள் வாக்கிங் முடிந்து மைதானத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தபோது பியூலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ரிட்டையர்மெண்ட்டுக்கு இருக்கது மூணு வருஷம், உனக்கு அஞ்சு, எனக்கப்புறம் நீதானட்டி என்றாள். மறுநாளே வடிவு தன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம்கூட வருத்தப்படவில்லை, அதுதான் இப்போது எரிகிறது. டிசம்பர் ஒன்றாம் தேதி பியூலா அந்த நாற்காலியில் உட்காருகிறாள். வேலாங்குறிச்சித் தொட்டியைக் கட்டுகிற கான்ட்ராக்டர் கல்லூரித் தாளாளரின் மைத்துனன். அவன் கொண்டுவந்த கியூப் போன வருஷம் வேறு ஒரு வேலையில் பாதி பாரம்கூடத் தாங்காமல் பொரிகடலையாய் உதிர்ந்தது, அந்த ரிப்போர்ட்டில் உள்ளது உள்ளபடி எழுதியது வடிவு. அதனால்தான் இந்தத் தடவை நல்ல கலவையாக லேபிலேயே வார்த்துவிட்டார்கள். இதெல்லாம் ஒரு நூலில் கோத்தாற்போல் கண் முன்னால் கிடந்தும், கடைசி மணியைத்தான் அவளால் தொட முடியவில்லை. செப்டம்பரில் டெஸ்டிங் லேப் பொறுப்பு முழுவதையும் பியூலா அவளிடம் ஒப்படைத்தபோது சொன்னது. "உன் கையெழுத்துக்கு ஒரு மரியாத இருக்குட்டி வடிவு. நீ போட்டா எவனும் திருப்பிக் கேக்க மாட்டான்." எத்தனை சந்தோஷப்பட்டாள். வீட்டுக்குப் போய்க் கணவர் படத்தின் முன்னால் நின்று அதைச் சொன்னாள் கூட. துரோகம் என்று ஒரு வார்த்தை பத்து மணியிலிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. பதினொன்றே முக்காலுக்கு அதை உள்ளே விட்டாள். இது துரோகம்தான். முகம் தெரியாத யாரையோ ஏமாற்ற என் பெயர் வேண்டியிருந்தது, என் பெயரை எடுத்துக்கொடுக்க என் சிநேகிதி வேண்டியிருந்தது.

ஆனால் நீ மட்டும் யோக்கியமா என்று உள்ளே ஒன்று கேட்டது, அதன் குரல் ஞானதுரை சார் குரல். ஏழாம் நாள் மூன்று கியூப் உடைந்ததே, அப்போது எங்கே போயிற்று உன் கட்டைவிரல். அன்றைக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது, இசக்கிமுத்து எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். நல்ல கான்கிரீட் என்று ஒரு பாராட்டு வேறு. தூணை வார்த்த தேதியைப் பார்த்தும் அது கல்யாண நாள் என்று தோன்றவில்லை. ஆக ஒரு கையெழுத்து ஏற்கெனவே போய்ச் சேர்ந்தாயிற்று. அதை நம்பி மேலே தொட்டியும் கட்டியாயிற்று. இரண்டாவதைப் போட மறுத்தால் முதலாவது எப்படி வந்தது என்று கேட்பார்கள், அவள் வேலை போகும், பத்திரிகையில் பெயர் வரும், சென்னையில் மகள் அதைப் படிப்பாள். போட்டுவிட்டால்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். எத்தனையோ மட்டமான கான்கிரீட் யார் புண்ணியத்திலோ நாற்பது வருஷம் நிற்கிறது. கணக்கில் கூடுதலாக விடும் பாதுகாப்பு எல்லாம் எதற்கு, இதற்குத்தானே. இப்படி அவள் மாணவன் ஒருவன் விடைத்தாளில் எழுதினால் சுழித்துப் பூஜ்யம் போடுவாள். போன வாரம் அந்தப் பக்கம் ஒரு செமினாருக்குப் போனபோது பஸ்ஸிலிருந்து அந்தத் தொட்டியைப் பார்த்தாள். எட்டுத் தூண். தூண்களுக்கு நடுவே நிழல் நன்றாக விழுகிறது என்று அங்கன்வாடிக்காரம்மா பிள்ளைகளை அங்கே பாய் விரித்து உட்கார வைத்திருந்தாள். அதில் ஒன்று தூணைக் கட்டிப்பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் பஸ்ஸுக்குள்ளிருந்து பெருமையாகப் பார்த்தாள், நம்ம டெஸ்ட் பண்ணின தொட்டி என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள். அந்தப் பிள்ளையின் கை இப்போதும் அந்தத் தூணில்தான் இருக்கும். தண்ணீர் குடித்தாள். பாட்டில் மூடி கை நழுவி உருண்டு கடைசி வரிசை வரைக்கும் போயிற்று.

மூடியை எடுக்கக் குனிந்தபோதுதான் அங்கே ஒரு பெண்ணின் கால்குலேட்டரைப் பார்த்தாள். கால்குலேட்டர் மூடியின் உள்பக்கம் காம்பஸ் முனையால் ஏதோ நெருக்கமாகக் கீறியிருந்தது. சூத்திரம் எழுதியிருக்கிறாள். வேறு நாளாக இருந்தால் வடிவுக்கு ரத்தம் சூடாகியிருக்கும். இன்றைக்கு அலுப்பாக இருந்தது, ஆனாலும் கையை நீட்டினாள். பெண் கொடுத்தது, உதடு காய்ந்துபோய். வெளிச்சத்தில் திருப்பிப் படித்தாள். இது மஹிமாவோடது, பரீட்சை முடிஞ்சதும் ஒழுங்கா திருப்பித் தா, இல்லன்னா பேச மாட்டேன். அதற்குக் கீழே இன்னும் சின்னதாக, பயப்படாம எழுது பிசாசே. வடிவு இரண்டு தடவை படித்தாள். உன்னோடது எங்கே என்று கேட்டதற்கு, கீழ விழுந்து உடஞ்சுட்டு மிஸ், அவளுக்கு மத்தியானந்தான் பரீட்சை என்றது பெண். மூடியைச் சாத்தி மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அப்போது ஒரு எண்ணம் வந்து சட்டென்று பற்றிக்கொண்டது. பன்னிரண்டு மோல்டு இருக்கிறது. ஆறு போதும். பன்னிரண்டில் பியூலா ஏன் ஏழாம் நம்பரை எடுத்தாள். அந்தப் பள்ளத்தை அடித்த கையே அதை எடுத்து வைத்து, எண்ணெய் தடவி, கலவையை நிரப்பியிருக்கிறது. தடவும்போது விரலில் பட்டிருக்காதா. பட்டிருக்கும். அப்படியானால் தெரிந்தேதான் எடுத்திருக்கிறாள். மறுக்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டு, வாயால் சொல்ல முடியாமல், வடிவு கண்டுபிடிக்கட்டும் என்று ஓர் அடையாளத்தை விட்டு வைத்திருக்கிறாள். உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் படிக்கத் தெரிந்த எழுத்து அது. நினைக்க நினைக்க நெஞ்சில் இருந்த கல் இளகியது. பன்னிரண்டேகாலிலிருந்து ஒரு மணி வரைக்கும் அவள் அந்த நினைப்பிலேயே நடந்தாள். கதவைச் சாத்திவிட்டு, எனக்குத் தெரியும்ட்டி என்று மட்டும் சொன்னால் போதும், பியூலா உடைந்து அழுதுவிடுவாள், இருவருமாக ஒரு கடிதம் எழுதலாம், பிரின்சிபால் பதவி போனால் போகிறது, சேர்ந்தே திட்டு வாங்கலாம். இடையில் ஒரு தடவை, ஒருவேளை அவள் மறந்திருந்தால் என்று தோன்றியது. அதை அவள் மேற்கொண்டு நினைக்கவில்லை. அதை எப்படி மறக்க முடியும்.

மணி அடித்தது. இருபத்தைந்து விடைத்தாளையும் எண் வரிசையில் அடுக்கி, இரண்டு தடவை எண்ணி, எக்ஸாம் செல்லில் ஒப்படைத்து, போனை வாங்கி உயிர்ப்பிக்காமலே பையில் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்தபடி லேபுக்கு நடந்தாள். பியூலா அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். மேசையில் ரிப்போர்ட் டைப் அடித்துத் தயாராக இருந்தது, எண் எழுதும் கட்டங்கள் மட்டும் காலி. இசக்கிமுத்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருப்பதாகவும், இதை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்றும் பியூலா சொன்னாள். வடிவு அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அந்தக் கியூபின் பக்கவாட்டில் அவள் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கை குளிர்ந்திருந்தது, வளையல் கிலுங்கியது. பியூலா ஒரு மாணவி லேபில் தடவுவதுபோல் அக்கறையாகத் தடவினாள்.

"சின்னப் பருதான. லோடுக்கு ஒண்ணும் செய்யாதுட்டி."

"ஏழாம் நம்பர் மோல்டு, பியூலா."

"அதுக்கென்ன? பன்னெண்டும் ஒண்ணுபோலத்தான கெடக்கு" என்றாள் பியூலா.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கிமுத்துவின் கை நின்றது. இந்த லேப் மோல்டா என்று அவள் ஒரு வார்த்தை அதிசயப்பட்டிருந்தால்கூட வடிவு ஒருவேளை பிழைத்திருப்பாள். ஆனால் வடிவின் காதில் விழுந்தது அந்த ஒப்புதல் அல்ல. ஒண்ணுபோல என்ற சொல்தான். அடையாளமும் இல்லை, எழுத்தும் இல்லை. கைக்கு வந்த ஆறை எடுத்தாள், அதில் ஏழும் இருந்தது, அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் தான் கட்டி எழுப்பியதெல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் சரிந்ததை வடிவு நின்றபடியே பார்த்தாள். பியூலா குரலைத் தாழ்த்தி வேகமாகப் பேசத் தொடங்கினாள். தாளாளர் வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டாராம். தூணும் அப்படியொன்றும் மோசமில்லையாம். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாமாம், இது ஒன்றே ஒன்றை மட்டும் இப்போதைக்குப் போட்டுவிட வேண்டுமாம். ஆஸ்பத்திரிப் பன்னிரண்டு நாளைச் சொல்லப்போகிறாள் என்று வடிவு காத்திருந்தாள், அதைச் சொன்னால் தன்னால் தாங்க முடியாது என்றும் அவளுக்குத் தெரியும். நல்ல காலம், பியூலா அதையும் மறந்திருந்தாள்.

மெஷினைப் போட்டிரட்டுமா மேடம் என்று இசக்கிமுத்து யாரையும் பார்க்காமல் கேட்டார். வேண்டாம், ஏழாம் நம்பரை எடுத்துவாருங்கள் என்றாள் வடிவு. அவர் கொண்டுவந்து வைத்தார். அவளே போல்ட்டைக் கழற்றி, பக்கத் தகட்டைப் பிரித்து, கியூபின் முகத்தோடு சேர்த்து வைத்து நகர்த்தினாள். ஓரிடத்தில் புடைப்பு பள்ளத்துக்குள் விழுந்து உட்கார்ந்தது, அதன் பிறகு தகடு அசையவில்லை. பியூலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"இது நான் உளி வச்சு அடிச்சதுல்லா" என்றாள், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"ஆமா. நான்தான் அடிச்சேன்னு அன்னைக்குச் சொன்னேன்."

வடிவு லேப் பதிவேட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தாள். கியூபுகள் ஏழாம் எண் உட்பட இந்த ஆய்வகத்தின் மோல்டுகளிலேயே வார்க்கப்பட்டவை, பணியிடத்துக் கான்கிரீட் அல்ல, சோதிக்கப்படவில்லை என்று எழுதினாள். ஏழாம் நாள் சோதனை அறிக்கையைச் சரிபாராமல் கையெழுத்திட்டது தன் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன், தொட்டியில் தண்ணீர் ஏற்றக்கூடாது என்று அடுத்த வரியில் எழுதினாள். இசக்கிமுத்துவிடம் அந்தப் பக்கத்தை நகலெடுத்து வரச் சொல்லவேண்டும், பஞ்சாயத்து இன்ஜினியருக்கு இப்போதே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், போகிற வழியில் அந்த அங்கன்வாடிக்காரம்மாவைப் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு போகச் சொல்லவேண்டும். வார்த்தவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அங்கே பேனா ஒரு நொடி நின்றது. இருபத்தேழு வருஷத்துப் பழக்கத்தில் கை அவள் சொந்தப் பெயரின் முதல் எழுத்தை எழுதப் பார்த்தது. பக்கத்தில் பியூலா மூச்சுவிடுவது கேட்டது, அன்றைக்கு லேண்ட்லைனில் கேட்ட அதே மூச்சு. வடிவு ப. பியூலா என்று எழுதினாள். தேதியைப் போட்டுப் பதிவேட்டை மூடி, கட்டைவிரலைத் துடைக்காமலே எழுந்தாள்.